பட்டன் தைத்த செருப்பும் கடல்கன்னியின் நிறமும்

ஒரு கறுப்பினப் பெண் கடல்கன்னியாக நடிக்கலாமா கூடாதா என்று உலகம் பூராவும் ஒரு சண்டை நடந்தது. டிஸ்னி கம்பெனி 1989இல் கார்ட்டூனாக எடுத்த 'லிட்டில் மெர்மெய்ட்' கதையை ஆட்களை நடிக்கவைத்து மறுபடியும் எடுத்தார்கள். கடல்கன்னி வேஷத்துக்கு ஹேலி பெய்லி என்ற கறுப்பினப் பாடகி என்று 2019 ஜூலையில் அறிவித்த அன்றே கூச்சல் ஆரம்பித்துவிட்டது. 2022 செப்டம்பரில் முன்னோட்டம் வந்ததும் அது இரண்டு மடங்காயிற்று. 'இது எங்கள் கடல்கன்னி இல்லை', 'மூலக்கதையைக் கெடுக்கிறார்கள்' என்று வெள்ளைக்காரர்கள் அழுதார்கள். 2023 மே மாதம் படம் வந்தது. அப்புறம் 2025 மார்ச்சில் 'ஸ்நோ ஒயிட்'. கொலம்பிய வழி வந்த தாய்க்குப் பிறந்த ரேச்சல் ஸெக்லர் அதில் நாயகி. பனியைப் போல வெள்ளை என்று பெயரிலேயே இருக்கிறதே, இவள் எப்படி என்று மறுபடியும் அதே அழுகை.

இந்தச் சண்டையை நம்ம ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார்கள். செங்கோட்டையில் ஆசிரியராக இருக்கிற தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தோழர், கறுப்பினப் பொண்ணு வெள்ளைக்காரி வேஷத்தில நடிச்சா சரின்னு சொல்லுதீங்க. அப்ப நம்ம மதுரை வீரனா எம்.ஜி.ஆர். நடிச்சதை மட்டும் ஏன் குத்தம் சொல்லுதீங்க? நியாயம்னா ரெண்டுக்கும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

நல்ல கேள்வி. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் பதில் இல்லாத கேள்வி. இரண்டும் ஒன்றா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த 'மூலக்கதை' என்கிற சமாச்சாரத்தைப் பார்ப்போம். கடல்கன்னிக் கதையை எழுதியவர் டென்மார்க்கின் ஆண்டர்சன், 1837இல். அவர் கதையில் கடல்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதில்லை. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். இவள் கடலில் விழுந்து நுரையாகிப் போகிறாள், பிறகு காற்றின் ஆவிகளோடு சேர்கிறாள். டிஸ்னி 1989இல் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு கல்யாணம் பண்ணிவைத்து அனுப்பியது. கதையின் உயிரையே பிடுங்கிய மாற்றம் அது. அதற்காக எவனும் மூலக்கதை போச்சே என்று தெருவுக்கு வரவில்லை. ஆண்டர்சன் அவளை வெள்ளை நிறத்தவளாகத்தான் எழுதினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முடிவு மாறினால் பொறுத்துக்கொள்கிறவனுக்குத் தோல் மாறினால் மட்டும் மூலக்கதை ஞாபகத்துக்கு வருகிறது என்றால், அவன் காப்பாற்ற நினைப்பது கதையை அல்ல.

இனி நம்ம பக்கம் வருவோம். நம்மிடம் மூலக்கதையைத் திருத்துகிற வேலை சினிமாவுக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதற்கு எங்கள் மலையடிவாரத்திலேயே சாட்சி இருக்கிறது.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குத் தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் பக்கத்துச் சனம் வண்டி கட்டிக்கொண்டு போய் ராத்தங்கி வருகிற இடம். அங்கே பட்டவராயன் சன்னதி இருக்கிறது. பட்டவராயனுக்குப் பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா. நேர்ச்சையாக அவனுக்குக் கொடுப்பது செருப்பு. தோல் செருப்பு. சாமி அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி காட்டில் நடமாடுவார், அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும் என்று நம்பிக்கை. கொடுக்கிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. எங்கள் தாத்தன் காலத்தில் சாதி இந்துத் தெருவுக்குள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. அதே தெருக்காரர்கள் வருஷத்துக்கு ஒருதரம் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும்.

அந்தச் செருப்புக்குக் கதை இருக்கிறது. முத்துப்பட்டன் பார்ப்பனன். ஆரியநாட்டில் ஏழு அண்ணன் தம்பிகளில் கடைசி. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கொட்டாரக்கரை ராசாவிடம் சேவகத்துக்குப் போகிறான். திரும்பி வருகிற வழியில் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைப் பார்க்கிறான். பாட்டுச் சத்தம் கேட்டுப் பின்னாலேயே போகிறான். பெண்கள் பயந்து ஓடி அப்பனிடம் சொல்ல, மாட்டுக்குக் காவல் இருக்கிற வாலப்பகடை ஆயுதத்தோடு வருகிறான். பட்டன் காலில் விழாத குறையாகப் பெண் கேட்கிறான். வாலப்பகடை போடுகிற நிபந்தனைதான் கதையின் நெஞ்சுக்குழி. குடுமியை அறு. பூணூலை அறு. தோல் வேலை படி, செருப்புத் தை. அப்புறம் வா, பெண் தருகிறேன். அண்ணன்மார் பிடித்து அடைத்துவைக்கிறார்கள். தப்பித்து வந்து எல்லாவற்றையும் செய்கிறான். கட்டிக்கொள்கிறான். ஊத்துமலைப் பக்கத்து மாட்டுக் களவாணிகள் மாமனாரின் கிடையை ஓட்டிக்கொண்டு போக, அவர்களோடு சண்டையிட்டு ஜெயித்து, ஒளிந்திருந்த ஒருத்தன் கையால் சாகிறான். சிங்கம்பட்டி ஜமீனிடம் உத்தரவு கேட்டு இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். (தீயில் இறங்கியதை நான் கொண்டாடமாட்டேன். அதைப் பற்றி ஒரு பெண் எழுதவேண்டும்.)

ஒரு பார்ப்பனன் சக்கிலியனாகிறான். சக்கிலியப் பெண் பார்ப்பனத்தி ஆகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தமிழில் எத்தனையோ கதைகளில் கீழே இருக்கிறவன் மேலே ஏற்றப்படுகிறான். மேலே இருக்கிறவன் தன் மனசோடு கீழே இறங்கி, தொழிலும் கற்றுக்கொண்டு, மாமனார் சாதியிலேயே செத்துப்போகிற கதை எனக்குத் தெரிந்து இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை.

இதைத் தாங்கமுடியுமா? முடியவில்லை. இந்தக் கதைக்கு ஒரு முன்கதை ஒட்டவைத்தார்கள். பொம்மக்காளும் திம்மக்காளும் உண்மையில் பார்ப்பன வீட்டில் பிறந்தவர்களாம். காட்டில் விடப்பட்ட குழந்தைகளாம். வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். அவ்வளவுதான், வேலை முடிந்தது. முத்துப்பட்டன் இப்போது சாதியை மீறியவன் இல்லை, தன்னை அறியாமலே சாதியைக் காப்பாற்றியவன். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை இந்தப் பிறப்புக் கதையைப் பிற்காலச் சேர்க்கை என்றே கொண்டார். நாங்குநேரிக்காரர், இந்த மண்ணின் வில்லுப்பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர். எம்.ஏ. வகுப்பில் நாட்டார் வழக்காற்றியல் தாளில் இந்தக் கதை எங்களுக்கு வந்தது. நோட்ஸில் முன்கதையோடு சேர்த்து ஒரே கதையாகத்தான் எழுதிப்போட்டார்கள். எது முன்னே, எது பின்னே, எதற்காக என்பது பரீட்சைக்குத் தேவைப்படவில்லை.

ஒட்டவைத்தவர்களுக்கு ஒன்று மட்டும் முடியாமல் போயிற்று. செருப்பை எடுக்க முடியவில்லை. பெண்கள் பார்ப்பனப் பிறப்பு என்றாக்கிவிட்டால், குடுமி அறுப்பும் தோல் வேலையும் எதற்கு? அர்த்தமே இல்லையே. ஆனாலும் அதை வெட்ட முடியவில்லை. ஏனென்றால் சன்னதியில் செருப்பு தொங்குகிறது. பாட்டை மாற்றலாம், நேர்ச்சையை எப்படி மாற்றுவது?

வயசான வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவரிடம் இதைக் கேட்டேன். கொடை கொடையாகப் பாடி, குரல் கட்டிப்போன மனுஷர்.

"ஐயா, அந்தப் பிள்ளைகள் ஐயர் வீட்டுப் பிள்ளைகள்னு நீங்களும் பாடுவீங்களா?"

"பாடுவேன் தம்பி. கொடை நடத்துகவுக யாருன்னு பாத்துப் பாடுவேன். காசு குடுக்கவுக முகம் சுளிச்சா வில்லை எடுத்து வச்சிட்டுப் போவவேண்டியதுதான்."

"எங்க தெருவுல பாடுனா?"

"ஒங்க தெருவுல எதுக்குப் பாடணும் அதை? அங்க வாலப்பகடைக்குல்லா சபையில ஆளு எந்திரிச்சு நின்னு கேப்பாக."

ஒரே அண்ணாவி, ஒரே வில், ஒரே குடம். கேட்கிறவன் சாதிக்குத் தக்கபடி பொம்மக்காளின் பிறப்பு மாறுகிறது. மூலப்பிரதி எது என்பதைப் புலவன் தீர்மானிப்பதில்லை, கொடைக்கு வரி பிரிக்கிறவன் தீர்மானிக்கிறான்.

இந்த ஒட்டுவேலை முத்துப்பட்டனோடு நிற்கவில்லை. தமிழில் சாதி மீறியதற்காகக் கொல்லப்பட்டுச் சாமியான வீரர்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைத் தூக்கிப்போனவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கதைப்பாடலிலேயே அவன் காசி ராசாவின் மகனாக்கப்பட்டுவிட்டான். மாலை சுற்றிப் பிறந்த குழந்தை, நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போட, செருப்புத் தைக்கிறவர் எடுத்து வளர்த்தாராம். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன். அவனைச் சிவன் மகனாக்கினார்கள், சாபத்தால் வந்து பிறந்தானாம். அதே காடு, அதே கைவிடப்பட்ட குழந்தை, அதே வளர்ப்பு அப்பன். இத்தனை உயர்சாதிக் குழந்தைகளை எடுத்து வளர்க்க நம்ம சனம் எந்நேரமும் காட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது போலிருக்கிறது!

வேடிக்கையாகத் தெரியும். ஆனால் இதனால் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் சக்கிலியன் என்றால் அது சாதிக் கொலை. காசி ராசா மகன் என்றால் அது ஆள்மாறாட்டத்தில் நடந்த விபத்து, அய்யோ பாவம், தெரியாமல் வெட்டிவிட்டார்கள். குற்றவாளி தப்பிக்கிறான். கொல்லப்பட்டவனின் சாதிக்கு வீரமும் இல்லை, காதலும் இல்லை, வளர்த்த கூலி மட்டும்.

சினிமா இதைத்தான் எடுத்துக்கொண்டது. 1956இல் லேனா செட்டியார் தயாரித்து யோகானந்த் இயக்கிய 'மதுரை வீரன்' வந்தது. கண்ணதாசன் வசனம். எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மா. வளர்த்த சக்கிலியத் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும், அதாவது சிரிப்பு நடிகர்கள். எங்கள் பாட்டி அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. "நம்ம சாமிய எம்சியாரு நடிச்சாருல்லா" என்பாள். அந்தச் சந்தோஷத்தைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. தெருக்கோடியில் கல்லாக நட்டு வைத்திருந்த சாமி வெள்ளித்திரையில் குதிரை மேல் வந்தது சின்ன விஷயமில்லை. காத்தவராயன் கதை 1941இல் பி.யு. சின்னப்பா நடித்து 'ஆர்யமாலா' என்றும், 1958இல் சிவாஜி கணேசன், சாவித்திரி நடித்து 'காத்தவராயன்' என்றும் வந்தது. இந்தப் படங்களைப் பார்த்து, இது எங்கள் கதை இல்லை, பிறப்பை மாற்றிவிட்டார்கள் என்று யாரும் கல்லெறியவில்லை.

நந்தனை விடமுடியாது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதுகிற நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். மறுபடியும் தோல். தோல் உள்ளே போகலாம், கொடுத்தவர் போகக்கூடாது. கடைசியில் தில்லையில் தீக்குள் இறங்கி, மார்பில் பூணூலோடு முனிவராக வெளியே வருகிறார். பிறப்பை மாற்றுவதில் இது உச்சம். காட்டில் கண்டெடுத்த குழந்தை என்று கதை கட்டக்கூட இல்லை, ஆளையே எரித்து வேறு ஆளாக்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கதைதான் 1935இல் படமானபோது நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினி எடுத்தபோது தேவார இசையில் ஊறிய தண்டபாணி தேசிகர் நந்தனார். ஆண் வேஷத்தைப் பெண் போடலாம், பறையர் வேஷத்தைத் தேசிகர் போடலாம். நந்தனின் சாதியில் பிறந்த ஒருவர் போடலாமா என்கிற கேள்வி அந்த ஸ்டூடியோக்களின் கேட்டைத் தாண்டவில்லை. சுந்தராம்பாளின் குரலை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு இணையில்லை.

இன்றைக்கும் பெரிதாக மாறிவிட்டதா? 2013இல் 'பரதேசி'. சிவந்த நடிகைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசித் தேயிலைத் தோட்டக் கூலிகளாக்கினார்கள். 2021இல் 'ஜெய் பீம்'. நல்ல படம், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர். ஒரு காட்சியில் சுவரில் தொங்கின காலண்டருக்காக வக்கீல் நோட்டீஸ் போயிற்று, காலண்டர் படமும் மாறிற்று. செத்தவரின் சாதி மாறியதைக் கேட்ட குறவர்களின் குரல் அந்த அளவுக்கு யார் காதிலும் விழவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம். வசனம் பூராவும் எனக்கு மனப்பாடம், வகுப்பில் சத்தமாகப் பேசத் தெரிந்தவனும் நான்தான். ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு ராசா முகவெட்டு இல்லலே" என்றார். தூக்குப்போடுகிறவன் வேஷம் கொடுத்தார், வசனமே கிடையாது. முகவெட்டு என்றால் என்ன என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவர் வேஷத்தைப் போட்டால் என்ன நடக்கும்? ஹேலி பெய்லிக்கு நடந்தது கம்பியூட்டர் வழியாகக் கல்லெறி. நிஜமான கல்லெறி நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் சேவகத்துக்குப் போன அதே கொட்டாரக்கரை ரோட்டில், செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு இறங்கி, தெற்கே திருவனந்தபுரம் போகவேண்டும். அன்றைக்குச் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான், 1956 நவம்பரில்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

அகஸ்தீஸ்வரத்துத் தமிழரான ஜே.சி. டேனியல் சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்று ஒரு ஊமைப் படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். நாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். அந்த வேஷத்துக்கு டேனியல் பிடித்துக்கொண்டுவந்தவர் பி.கே. ரோஸி. புலையர் குடும்பத்தில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்கரசி நாடகத்தில் ஆடிப் பழகியவர். 1930இல் (1928 என்று சொல்வாரும் உண்டு) திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிட்டார்கள். ரோஸி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனுஷர்கள் சொல்ல, தன் படத்தைப் பார்க்க அவருக்கே இடமில்லை. திரையில் நாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிட்டதும் சபை பொறுக்கவில்லை. கல் பறந்தது, திரை கிழிந்தது. புலைச்சி நாயர் பெண்ணாக நடிப்பதா? பிறகு ரோஸியின் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்துசேர்ந்தார்.

மதுரை வீரன் நூறு நாள் ஓடினான், ரோஸி ஒரு ராத்திரி ஓடினார். இதைத்தான் தோழர், இரண்டும் ஒன்று இல்லை என்கிறேன். எம்.ஜி.ஆர். வீரனாக நடித்ததால் எந்தச் செட்டியாரும் எந்த மேனோனும் ஒன்றையும் இழக்கவில்லை. வீரன்தான் தன் அப்பன் ஆத்தாளை இழந்தான். கடல்கன்னி கறுப்பானதால் எந்த வெள்ளைக் குழந்தையும் ஒன்றையும் இழக்கவில்லை, பழைய கார்ட்டூன் அப்படியேதான் இருக்கிறது. யார் நடித்தார் என்பதில் எனக்கு அவ்வளவு சண்டையில்லை. எம்.ஜி.ஆரே நடிக்கட்டும். சக்கிலியன் மகனாக நடிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அந்தக் காசி ராசாவை வெளியே அனுப்புங்கள்.

இது பழைய கதை இல்லை. நெற்கட்டும்செவல் எங்கள் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பூலித்தேவனின் தளபதி ஒண்டிவீரன் பகடைக்கு 2022இல் அஞ்சல் தலை வந்துவிட்டது. நாளைக்கு யாராவது படமும் எடுக்கத்தான் போகிறார்கள். அன்றைக்கு எந்தக் காட்டில் எந்த ராசாவின் குழந்தையைக் கண்டெடுக்கப்போகிறார்கள் என்று இப்போதே கவனித்துக்கொண்டிருக்கவேண்டும்.

ரோஸியின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவரை ஏற்றிவந்த லாரியின் டிரைவர் கேசவ பிள்ளை ஒரு நாயர். அவரையே கட்டிக்கொண்டார். பெயர் ராஜம்மாள் ஆயிற்று. நடித்ததைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, பிள்ளைகளும் நாயர்களாகவே வளர்ந்தார்கள். திரையில் கொஞ்ச நேரம் நாயர் பெண்ணாக இருந்ததற்காகக் கல்லெறி வாங்கியவர், சாகிறவரைக்கும் அந்த வேஷத்தைக் கலைக்காமலே வாழ்ந்தார். 1988இல் இறந்தார். 2023 பிப்ரவரியில் கூகுள்காரர்கள் தங்கள் முகப்பில் அவர் படத்தை வரைந்து போட்டார்கள். வரைந்துதான் போடமுடியும். 'விகதகுமாரன்' படச்சுருளில் ஒரு அடிகூட இன்று இல்லை.